ஆளுக்கு ஒன்றுதான்

“ஏய், வரிசை பின்னால இருக்கு!”

யாரோ கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்ததில் நெகுலாய் படியிலிருந்து சறுக்கி நடைபாதைக்கு வந்தான்.

கையில் சாவி. எதிரே பூட்டிய கதவு. அது அவனுடைய சொந்தக் கடை. அன்றுதான் திறப்பு நாள்.

“இது என் கடைம்மா” என்றான்.

வரிசை முழுக்கச் சிரித்தது.

“முன்னாடி வெண்ணெய்க்கு நின்னப்பவும் ஒருத்தன் வந்தான், மந்திரிக்கு மருமகன்னு சொல்லிக்கிட்டு. அவனையே வாலுக்கு அனுப்பினவ நான்” என்றாள் காலரைப் பிடித்தவள்.

அவள் பெயர் ஒலிம்பியா. பிரைலா நகரத்து டிராமில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வரிசைக்குத் தலைமை தாங்கும்படி அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.

இந்த வரிசையே நெகுலாயின் மனைவியின் தம்பி ஃபெனிக்கா கொடுத்த யோசனை. தலைநகர் புக்கரெஸ்டுக்குப் போய் வியாபாரப் பயிற்சி முடித்து, டை கட்டிக்கொண்டு திரும்பி வந்தவன் அவன்.

“காலிக் கடைக்குள்ள எவன் அத்தான் நுழைவான்? பேர்ப் பலகை மாட்டாதீங்க. கண்ணாடியில பேப்பரை ஒட்டுங்க. வாசல்ல நம்ம ஆளுங்க நாலு பேரை நிறுத்துங்க. மத்ததை ஜனம் பாத்துக்கும்.”

நெகுலாய் வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். மோட்டார் சைக்கிளை விற்றுத்தான் கடைக்குச் சரக்கு சேர்த்திருந்தான். இதுவும் படுத்துவிட்டால் குடும்பம் தெருவில்தான். அதனால் சரி என்று தலையாட்டினான்.

நாலு பேரை நிறுத்தியதும் ஐந்தாவது ஆள் கேள்வி கேட்காமல் வந்து நின்றார். ஆறாவது ஆள் ஓடி வந்து நின்றார்.

ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் நின்று நின்றே தலை நரைத்த ஊர் அது. பழைய கம்யூனிஸ்ட் ஆட்சி போய்ச் சில வருஷம் ஆகியும், வரிசையைக் கண்டால் கால்கள் சும்மா இருக்கவில்லை. நெகுலாய் வந்து சேருவதற்குள் வரிசை தெருமுனையில் திரும்பி மருந்துக்கடையைத் தாண்டிவிட்டது.

முதல் ஆளாக நின்ற மனைவி வெதூரியாவை அவன் பரிதாபமாகப் பார்த்தான்.

அவள் ஆகாயத்தைப் பார்த்தாள்.

‘என்ன நடந்தாலும் என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே’ என்று அவளிடம் படித்துப் படித்துச் சொன்னவன் அவன்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் சொல்லி அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஃபெனிக்கா அதற்கும் ஒரு படி மேலே போனான். ‘அத்தான், அத்தான்’ என்று குழைகிறவன், “யாருய்யா நீ? பெரியவங்க நிக்கறாங்க, வெக்கமா இல்ல?” என்று அதட்டினான்.

நெகுலாய் போய் வரிசையின் வாலில் நின்றான்.

அவனுக்கு முன்னால் தலையில் துணி கட்டிய ஒரு மூதாட்டி, கையில் வலைப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“எதுக்கும்மா நிக்கறீங்க?”

“தெரியலை தம்பி. இத்தனை பேர் நிக்கறாங்கன்னா மட்டமாவா இருக்கும்?”

வரிசையின் தலையில் காப்பிக்கொட்டை என்று பேசிக்கொண்டார்கள். நடுவில் அது கிரேக்கத்து ஆரஞ்சாக மாறியிருந்தது. மருந்துக்கடை வாசலுக்கு வந்தபோது ஜெர்மன் ஷூ.

தன் கால் அளவுக்குக் கிடைக்குமா என்று நெகுலாயே ஒரு கணம் ஏங்கிவிட்டான்.

பிறகு உள்ளே இருக்கும் சரக்கு நினைவுக்கு வந்தது. இத்தனை நேரம் குளிரில் நின்ற ஜனம் உள்ளே போய்ச் சரக்கைப் பார்த்தால், அவனை அலாக்காகத் தூக்கி டான்யூப் ஆற்றில் போட்டுவிடும்.

“ஆளுக்கு ஒண்ணுதான்!” ஒலிம்பியாவின் குரல் தெருமுனை தாண்டிக் கேட்டது.

“எங்கக்காவுக்கும் சேத்து ரெண்டா குடுங்களேன். பாவம், அவளால நடக்க முடியாது” என்று ஒருவர் கெஞ்சினார்.

“அக்காவுக்கு வேணும்னா அக்காதான் வரணும். என்னிக்கும் ஆளுக்கு ஒண்ணுதான்!”

வரிசை நகரவே இல்லை. எப்படி நகரும்? அவன் கதவுக்குப் போனால்தான் வரிசை நகரும். வரிசை நகர்ந்தால்தான் அவன் கதவுக்குப் போக முடியும்.

கடைசியில் சாவியை மூதாட்டியின் கையில் வைத்து, “முன்னால குடுங்கம்மா” என்றான்.

ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நெரிசலான டிராமில் டிக்கெட் காசு போவதுபோல் சாவி கைமாறிக் கைமாறிப் போய், தெருமுனையில் மறைந்தது.

கதவு கிறீச்சிட்டது.

நெகுலாய் கண்ணை மூடிச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

சாவி போன வழியாகவே சேதி திரும்பி வந்தது, வாய் மாறி வாய் மாறி.

“நல்ல ஓக் மரமாம்.”

“உள்ள வெள்ளைப் பட்டு தெச்சிருக்காம்.”

“ஒலிம்பியாம்மா படுத்தே பாத்துட்டாங்களாம். அளவெடுத்த மாதிரி இருக்காம்.”

“மூடியும் சேத்துத்தானாம்.”

சவப்பெட்டி என்ற சொல் மருந்துக்கடையைத் தாண்டி அவனிடம் வந்து சேர்ந்தது.

வரிசையிலிருந்து ஒருவரும் விலகவில்லை. இன்னும் கொஞ்சம் நெருக்கி நின்றார்கள்.

மூதாட்டி வலைப்பையைத் தூக்கிப் பார்த்தாள். இதில் கொள்ளாது என்று சுருட்டி வைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி நெகுலாயை ஏற இறங்கப் பார்த்து இரக்கப்பட்டாள்.

“கடைசியில வந்து நிக்கறீங்களே தம்பி. உங்களுக்கு மிஞ்சுமோ என்னமோ.”