இருபத்துநாலாவது வார்த்தை

"மச்சான், அங்கன திரும்பி உக்காருங்க. ஏ ஹேமா, நீயும் செவத்தப் பாரு. இது ரகசியம்!"

திராட்சை வியாபாரி ஈஸ்வரபாண்டி உத்தரவு போட்டார். உரக்கடை குருசாமி காபி டம்ளரோடு சன்னல் பக்கம் திரும்பினார். மனைவி ஹேமாவதி காலண்டரைப் படிக்கத் தொடங்கினாள்.

தேவாரத்துத் தென்னந்தோப்பை விற்ற நாற்பது லட்சமும் பிட்காயினாகிவிட்டது. கட்டைவிரல் அளவு ஹார்டுவேர் வாலட் என்ற கருவிதான் அதற்குப் பூட்டும் சாவியும். முந்தாநாள் அது பூச்சிமருந்து கலக்கும் தொட்டிக்குள் விழுந்து செத்துப்போனது. ஈஸ்வரபாண்டி அசரவில்லை. எர்ணாகுளத்திலிருந்து இன்னொன்றை வரவழைத்தார். பழைய வாலட்டோடு வந்த அட்டையில் இருந்த இருபத்துநாலு ஆங்கில வார்த்தைகளை இதில் வரிசை மாறாமல் தட்டினால் பணம் மறுபடி கைக்கு வந்துவிடும்.

"பேங்குல போடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் ஹேமாவதி, காலண்டரிடம்.

"பேங்குல போட்டா ரெண்டு மாசத்துல நாப்பது அறுபத்தஞ்சு ஆகுமா? வார்த்தைய மனப்பாடம் பண்ணி, அட்டைய அன்னைக்கே கொளுத்திட்டேன்ல. எவனா இருந்தாலும் என் மண்டையப் பொளந்துதான் எடுக்கணும். படுத்தா அப்படித் தூக்கம் வருது!"

"நான் போட்டது பன்னெண்டு லட்சந்தான் மாப்ள. நம்ப மாட்டீக, எனக்கு அதைவிட ஏத்தம்" என்றார் குருசாமி.

ஈஸ்வரபாண்டி தட்ட ஆரம்பித்தார். உதடு மட்டும் அசைந்தது. பத்து... இருபது... இருபத்துமூணு.

விரல் நின்றுவிட்டது.

"என்னங்க?"

"பேசாத!"

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முதலிலிருந்து முணுமுணுத்துப் பார்த்தார். மூன்றாம் தடவை வாய்விட்டே சொன்னார். ரகசியம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"...லேடர், வின்டர்... அதுக்கடுத்து? அதுக்கடுத்து என்ன? ஆத்தா, தோப்பு போச்சே! ஹேமா, நம்ம மக முனீஸ்வரி படிப்புக்கு வச்சது பூராம் போச்சுடி!"

"பம்ப்கின்" என்றார் குருசாமி, சன்னலைப் பார்த்தபடியே.

ஈஸ்வரபாண்டி அதைத் தட்டினார். பச்சை டிக் விழுந்தது. திறந்துகொண்டது! செல்போன் திரையில், தொகையைக் காட்டுவதற்காக வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

ஈஸ்வரபாண்டி பாய்ந்து குருசாமியைக் கட்டிக்கொண்டார்.

"மச்சான், நீங்க மனுசன் இல்ல, தெய்வம்!"

பிடி மெல்லத் தளர்ந்தது.

"ஆமா... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன மாப்ள, நீங்க சொல்லச் சொல்லத்தான் கவனிச்சேன், அப்படியே என் அட்டைதான். நம்ம வியாபாரி சங்கத்துல முப்பத்தெட்டு பேரு மொத்தமா வாலட் எடுத்தோம்னு ஏஜென்ட் கார்த்திக்ராஜ் எல்லாருக்கும் வார்த்தை அட்டைய ஓசியிலயே அச்சடிச்சு, லேமினேஷன் போட்டுக் குடுத்தாக. நாமதான் ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கல."

ஹேமாவதி காலண்டரை விட்டுத் திரும்பினாள்.

"அப்ப, ஏறுச்சு ஏறுச்சுன்னு நீங்க பீத்திக்கிட்டது... அண்ணன் போட்ட காசா? ஒரே சாவின்னா, எல்லாரும் ஒரே பெட்டியிலயா போட்டீக?"

சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது. முப்பத்தெட்டு பேருக்கும், முப்பத்தொன்பதாவதாகக் கார்த்திக்ராஜுக்கும் பொதுவான அந்தப் பெட்டியில் இருந்த தொகை: பூஜ்யம்.