கழுத்துக் கறுப்பு

நகைக்கடைக்குள் மகேந்திரராசா நுழைந்ததும் முதலாளி நல்லசிவத்துக்கு எரிச்சல் கிளம்பியது. போன தடவை லாச்சப்பல் கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்திவிட்டுப் போனவன்.

"என்ரை மனுசியின்ரை கழுத்து திடீரெண்டு கறுத்துத் தடிச்சுப் போச்சு. நீர் வித்த தாலிக்கொடி தங்கமில்லை, செம்பு!"

அன்று நல்லசிவம் எல்லார் முன்னாலும் கொடியை உரைத்துக் காட்டினார். அசல் தங்கம். "பிழை கொடியிலை இல்லை. கழுத்தை டாக்குத்தரிட்டைக் கொண்டுபோய்க் காட்டும்!" என்று அவரும் கத்தித்தான் அனுப்பினார்.

இன்று அவனிடம் சத்தமே இல்லை. கைலேஞ்சி முடிச்சை மேசையில் வைத்து அவிழ்த்தான். உள்ளே அதே தாலிக்கொடி.

"தோல் டாக்குத்தர் பாத்த உடனை வயித்துக்குள்ளை கமரா விடச் சொன்னவர், அண்ணை. இரைப்பையிலை கான்சர். உள்ளுக்கை இருக்கிற வருத்தம் சிலவேளை தோலிலைதான் முதல் காட்டுமாம்."

நல்லசிவம் கொடியைப் பார்த்தார். மனைவியின் கொடியைப் புருசன் தனியே கொண்டு வந்திருக்கிறான். வேறென்ன கேட்பது?

"உருக்கிறதோ, தம்பி?" என்றார் மெதுவாக.

"ஐயோ, என்ன கதை கதைக்கிறியள்! ஒப்பரேசனுக்குக் கழட்டேக்கை கொக்கி உடைஞ்சு போச்சு. கெதியாப் புதுசு போட்டுத் தாங்கோ. மனுசி கோயில் வாசலிலை பாத்துக்கொண்டு நிக்கிறா. நேரத்தோடை கண்டதாலை கான்சரை முழுக்க வெட்டி எடுத்திட்டினம்."

நல்லசிவம் புதுக் கொக்கி ஒன்றை எடுத்தார். "அப்ப, கழுத்து?"

"கறுப்பு மங்கிக்கொண்டு வருது." மகேந்திரராசா அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நல்ல காலம், அண்ணை, அண்டைக்கு உங்களைக் கள்ளன் எண்டு நினைச்சது!"