பத்து மணிக்கு வரச் சொன்னவர்

"நம்மளத்தான் பத்து மணிக்கு வரச் சொல்லுவாக. அவுக எப்ப வேணா வருவாக!"

மாரிச்செல்வி சத்தமாகவே சொன்னாள். மணி பதினொன்று. சமரச மையத்தில் சமரசர் நாற்காலி மட்டும் காலி. பட்டாசு சீசனில் போர்மேனிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வந்தவளுக்குக் கோபம் வராதா பின்னே?

அறையில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. அதன் மறுகோடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் எதிர்க்கட்சிக்காரி மாடத்தி. வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அக்கா. நடுவில் ஒரு எருமை படுக்கும் அளவுக்கு இடம்.

அச்சங்குளத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. பொதுச்சந்தில் மாடத்தி ஒரு படி கட்டினாள். மாரிச்செல்வி கேஸ் போட்டாள். வாய்தா வாய்தா என்று ஆறு வருஷம் ஓடிவிட்டது, பேச்சுவார்த்தையும் நின்றுவிட்டது. போன மாதம் ஜட்ஜம்மாதான், "சமரசத்துல பேசிப் பாருங்க" என்று இங்கே அனுப்பினார். இன்றைக்கும் முடியாவிட்டால் மறுபடி கோர்ட்டுதான்.

மாரிச்செல்வியின் மகள் யோகேஸ்வரிக்கு ஆவணியில் கல்யாணம். சின்னப் பிள்ளையில் அவளை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தது மாடத்தி. "பெரியம்மா வராட்டி நான் மணையில உக்கார மாட்டேன்" என்று காலையில்கூட ஒரு பாட்டம் அழுதிருந்தாள்.

"இந்தா, ஐயா வந்துக்கிட்டே இருக்காகம்மா" என்றார் உதவியாளர் ஆண்டிச்சாமி, ஐந்தாவது தடவையாக.

"எங்கன இருந்து? காசியில இருந்தா?" மாடத்தி சுவரிடம் கேட்டாள்.

மாரிச்செல்விக்குச் சிரிப்பு முட்டியது. "அவுக வீட்டுல இன்னும் இட்லி வேகலையோ என்னமோ" என்று ஜன்னலிடம் சொன்னாள்.

"இட்லியா? இப்பத்தான் மாவே ஆட்டுறாக போல!"

அந்த நேரம் பார்த்து, பூட்டியிருந்த பக்கத்து அறைக்குள் 'டமார்' என்று ஒரு சத்தம்.

அவ்வளவுதான். பட்டாசு வேலை பார்க்கும் பெண்கள் சத்தம் கேட்டால் யோசிக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். இருவரும் வெளியே வேப்பமரத்தடியில் போய்த்தான் நின்றார்கள்.

"ஒண்ணுமில்லம்மா! ரெக்கார்டு ரூமுல பூனை எதையோ தட்டி விட்ருச்சு!" ஆண்டிச்சாமி பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

"என்னைய எதுக்குடி இழுத்துட்டு ஓடியாந்த? நான்தான் ஒனக்கு ஆகாதவளாச்சே?"

"அதுக்காக விட்டுட்டு ஓடச் சொல்றியாக்கா?"

மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாரிச்செல்விக்கும் அடக்க முடியவில்லை. ஆறு வருஷத்து அழுகை, லேசில் நிற்குமா?

பெஞ்சுக்குத் திரும்பியதும் மஞ்சப்பையில் இருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினாள். "மொதப் பேரே ஒம் பேருதான்க்கா."

மாடத்தி பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அந்தப் படிய நாளைக்கே இடிச்சுப் போடுறேன்டி."

"இடிச்சுட்டு? மூட்டுவலியோட எப்பிடி ஏறுவ? இருந்துட்டுப் போகுது."

பதினொன்றே முக்காலுக்குச் சமரசர் சபரிநாதன் வந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, தலையில் ஒட்டடை. "மன்னிக்கணும்மா, பஸ் கிடைக்கல."

அக்காளும் தங்கச்சியும் ஒரே குரலில் பிடித்துக்கொண்டார்கள். "ரெண்டு பொம்பளைக வேலைய விட்டுட்டு வந்து காத்துக் கெடக்கோம், ஒங்களுக்கு எம்புட்டு அலட்சியம்!" மனுஷன் தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார். பத்தே நிமிஷத்தில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது.

கேட் வரை போனபிறகுதான் மாரிச்செல்விக்கு மஞ்சப்பை ஞாபகம் வந்தது. அக்காவை நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். உள்ளே ஆண்டிச்சாமியின் குரல்.

"ஒம்பதரைக்கே வந்து, காத்தாடிகூட இல்லாத ரெக்கார்டு ரூமுல ஒளிஞ்சு உக்காந்து, பின்வாசல் வழியா சுத்தி வந்து, கடைசியில இப்பிடி ஏச்சு வாங்கணுமாய்யா? இன்னைக்கு டிபன் கேரியர வேற கீழ போட்டுட்டீக!"

"நான் முன்னால இருந்தா எங்கிட்டத்தான் பேசுவாக ஆண்டிச்சாமி. ஒருத்தர ஒருத்தர் ஏசுறதுக்குப் பதிலா, ரெண்டு பேரும் சேந்து என்னைய ஏசிட்டுப் போகட்டுமே."

மாரிச்செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள். வாய்க்கு வந்தபடி பேசியதை நினைக்க உடம்பெல்லாம் கூசியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பையில் இருந்து ஒரு பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"குடும்பத்தோட வரணும் சார். முகூர்த்தம் பத்து மணிக்கு. நீங்கதான் ஒம்பதரைக்கெல்லாம் வந்துருவீகளே!"