ஓட வேண்டிய மோட்டார்

"அந்த மாதா படத்தையுமா கழட்டுதீங்க?"

மெட்டில்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சின்னப் பனிமய மாதாவை அவள் கணவன் ரெக்சன் பெயர்த்தெடுத்து, கண்ணில் ஒற்றி, அட்டைப் பெட்டிக்குள் வைத்தான்.

"அதுக்குப் பின்னாலயும் காந்தம்தானே இருக்கு? சுவத்துல பெரிய மாதா இருக்காவ. கோவிச்சுக்க மாட்டாவ."

காலையிலிருந்து இப்படித்தான். துறைமுகத்தில் எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் ரெக்சன், இன்றைக்கு லீவு போட்டுவிட்டு, ஆறு வருடமாகச் சேர்த்த காந்தங்களை எல்லாம் வீட்டை விட்டு அனுப்பிக்கொண்டிருந்தான். பழைய ஸ்பீக்கரில் கழற்றியது, டைனமோவில் பிடுங்கியது, கூரியரில் வந்தது என எல்லாம் பெட்டிக்குள் போய் 'டப் டப்' என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

சுவரோரப் பெஞ்சில் ஒரே ஒரு மோட்டார் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு மரச்சக்கரம். அதன் விளிம்பில் காந்தங்கள், பக்கத்தில் அவன் கையால் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள். வீட்டுக் கரண்ட் கிடையாது. ஊறுகாய் பாட்டில்களில் உப்பளத் தண்ணீர் ஊற்றி, செம்புத் தகடும் துத்தநாகத் தகடும் இறக்கி, பேட்டரியையும் அவனே செய்திருந்தான். பதினோரு நாளாக 'டிக்... டிக்' என்று நிற்காமல் ஓடுகிறது.

"ஞாயித்துக்கிழமை பாளையங்கோட்டைக் கண்காட்சியில இதை வைக்கேன். வாரவன் எல்லாம் வாயைப் பிளக்கப் போறான்" என்று போன வாரம்கூடச் சொன்னான்.

வீட்டில் கால் வைக்க இடமில்லை என்று ஆறு வருடமாகத் திட்டியவள் மெட்டில்டாதான். இப்போது இடம் காலியாகக் காலியாக, அவன் பின்னாலேயே நடந்தாள்.

"என்னன்னுதான் சொல்லுங்களேன். வேலையில ஏதும் பிரச்சனையா? உடம்புக்கு ஏதுமா?"

"ஒண்ணுமில்ல. மணி என்ன ஆச்சு?"

"இதோட ஏழு தடவை கேட்டாச்சு! பக்கத்து வீட்டு அண்ணாச்சி மறுபடியும் போலீசுக்கு எழுதிப் போட்டுட்டாரா?"

பக்கத்து வீட்டுப் பலசரக்குக் கடை சிவனாண்டி, மூன்று வருடத்துக்கு முன்பு ஜன்னல் வழியே தீப்பொறியைப் பார்த்துவிட்டு, "ரெக்சன் குண்டு செய்யுதான்" என்று புகார் கொடுத்தவர். அன்றைக்கு முழுநாளும் ரெக்சன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஆனாலும் அந்தப் பக்கம் ஒரு நாடு, இந்தப் பக்கம் ஒரு நாடு.

"அவர் வீடு நாலு நாளாப் பூட்டிக் கிடக்கு. அவரை ஏன் இழுக்குத?" என்றான் ரெக்சன், தலை நிமிராமல்.

வாசலில் லோடு ஆட்டோவோடு டிவி மெக்கானிக் பவுல் வந்து நின்றான்.

"ஏலே ரெக்சா, ஓடுற மோட்டாரையுமா தூக்கணும்? போன வருஷம் ஒரு காந்தம் கேட்டதுக்கு, கிட்னியைக் கேட்ட மாதிரி முழிச்சவன்லா நீ!"

"எல்லாத்தையும் நீயே வச்சுக்க. திருப்பிக் கேக்க மாட்டேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

"நீ கொண்டு போ. உம் பேரையே போட்டுக்க."

"ஞாயித்துக்கிழமை வரைக்குமாவது பொறுங்களேன்" என்றாள் மெட்டில்டா.

"பொறுக்க முடியாது ஏளா."

ரெக்சன் விரலால் சக்கரத்தைத் தொட்டான். டிக்... டிக்... நின்றது. பதினோரு நாளாக அந்தச் சத்தத்தோடுதான் அவள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது வீட்டின் அமைதி காதை அடைத்தது. 'அருள் நிறைந்த மரியே, இவருக்கு என்னவோ ஆயிட்டுது' என்று உதடுகள் முணுமுணுத்தன.

லோடு ஆட்டோ போனதும் ரெக்சன் ஒரு சின்னத் திசைகாட்டியைக் கையில் ஏந்தி வீட்டைச் சுற்றி வந்தான். கைப்பை தொங்கிய ஆணிக்குப் பக்கத்தில் நின்ற மெட்டில்டாவின் பக்கம் முள் திரும்பியது.

"உன் கைப்பையில காந்தப் பூட்டு இருக்கு. கொண்டா இங்கன."

"இனி என்னையும் பெட்டிக்குள்ள போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி!"

அவன் சிரிக்கவில்லை. பெஞ்சு கிடந்த இடத்தில் கட்டிலை இழுத்துப் போட்டு, புது விரிப்பை விரித்தான்.

"நொய்யரிசிக் கஞ்சி கொஞ்சம் வையி. உப்புக் கம்மியா."

"யாருக்கு?"

பதில் வருவதற்குள் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. ரெக்சன் ஓடினான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கியவரைப் பார்த்து மெட்டில்டா சிலையாக நின்றாள்.

சிவனாண்டி அண்ணாச்சி! பாதியாக இளைத்திருந்தார். இடது தோளுக்குக் கீழே பெரிய பிளாஸ்திரி.

ரெக்சன் அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்: "இதயம் நின்னு நின்னு துடிச்சிருக்கு. உள்ள பேஸ்மேக்கர்னு ஒரு பேட்டரி வச்சிருக்காவ. காந்தம் பக்கத்துல இருந்தா அது தடுமாறுமாம். அவரு மக மஸ்கட்ல இருந்து எனக்குப் போன் பண்ணுனா, பாக்க ஆளில்லன்னு. பத்து நாள் இங்கன இருக்கட்டும். பொறவும் அந்தச் சுவத்துக்கு அங்கிட்டுத்தானே படுக்கப் போறாரு. முன்னாலயே சொன்னா, நீ கதவைச் சாத்திருவியோன்னு..."

மெட்டில்டா தன் செல்போன் கவரிலும் காந்தம் இருப்பது நினைவு வர, அதைக் கொண்டுபோய் அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டு வந்தாள்.

சிவனாண்டி நிலைப்படியிலேயே தயங்கி நின்றார். கண் கலங்கியிருந்தது. உதட்டில் மட்டும் பழைய குசும்பு.

"ஏலே ரெக்சா, குண்டெல்லாம் எடுத்துட்டியா?"

"எடுத்தாச்சு அண்ணாச்சி. இனி இந்த வீட்டுல நிக்காம ஓட வேண்டியது ஒரே ஒரு மோட்டார்தான். பைய வாங்க."