நாலு எண் பூட்டு

பாரோய் ஊரிலுள்ள வீட்டை யாருக்கு எழுதியிருக்கிறார் என்பது, தான் கண்மூடும்வரை வெளியே தெரியக் கூடாது, அதுவும் மூத்த மகன் நைஜலுக்குத் தெரியவே கூடாது என்பதில் சவரிமுத்து கறாராக இருந்தார். எஸ்டேட் வீட்டுக் கரையான் உயிலை அரிக்கத் தொடங்கியதால்தான் அதை இணையக் கிளவுடில் ஏற்றச் சம்மதித்தார்.

"இது ஃப்ரீப்பா," என்று போனில் முதல் செயலியைக் காட்டினாள் மகள் கேரல்.

"சும்மா கொடுக்கிறவன் உள்ள எட்டிப் பார்க்காம இருப்பானா? வேணாம் லா."

இரண்டாவது, போன் நம்பர் கேட்டது. அதுவும் வேண்டாம். மூன்றாவதைக் கம்பெனிக்காரனே திறக்க முடியாதாம். நாம் வைக்கும் நாலு எண்ணுக்குத்தான் திறக்குமாம்.

கேரலையும் வெளியே அனுப்பி, ஜன்னலைச் சாத்திவிட்டு எண்ணைத் தட்டினார்.

நிம்மதியாக மோட்டார் சைக்கிளைக் கிளப்பியபோது நைஜல் வந்தான்.

"லுக்குட் டவுனுக்கு லாட்டரி நம்பர் எடுக்கவாப்பா? எனக்கும் ஒன்னு எடுங்க. நீங்க எப்பவும் எடுக்கிற மூணு ஏழு ஒன்னு எட்டுதானே?"

மோட்டாரை அணைத்துவிட்டுச் சவரிமுத்து உள்ளே ஓடினார்.

"கேரல், அந்த எண்ணை எப்படிம்மா மாத்துறது?"

"ஏன்ப்பா, யாருக்காச்சும் தெரிஞ்சுபோச்சா?"

"இருபது வருஷமா எஸ்டேட்டுக்கே தெரியும்மா."