பின்போர்ஷனுக்கு ஒரு ஜன்னல்

“அந்த ஜன்னலை அழிச்சிடுங்க ஓவர்சியர். குடித்தனக்காரனுக்கு எதுக்குக் காத்து?”

சுவிசேஷமுத்து வரைபடத்தை விரலால் குத்தினார். ஓவர்சியர் அரிகிருஷ்ணன் ரப்பரைக் கையில் எடுத்தார். ஆனால் தேய்க்கத் தயங்கினார்.

“சார், பின்போர்ஷன் சமையலறைக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா புகையில மூச்சு முட்டும்.”

“முட்டட்டுமே. குரோம்பேட்டையில பதினோரு வருஷம் எங்களுக்கு முட்டலையா?”

இரும்புலியூரில் அவர் வாங்கியிருந்தது அரைக் கிரவுண்டு மனை. அதற்குள் முன்னால் தமக்கொரு வீடும், பின்னால் வாடகைக்கொரு போர்ஷனும் அடங்கிவிட வேண்டும். ஓர் அங்குலமும் வீணாகக் கூடாது. அந்த அங்குலங்களை எந்தப் பக்கத்திலிருந்து பிடுங்குவது என்பதில் மட்டும் அவருக்கு ஐயமே எழுந்ததில்லை.

குரோம்பேட்டை வீட்டுக்காரர் மெயின் சுவிட்சைத் தம் கூடத்தில் வைத்துக்கொண்டு, ஒன்பதடித்ததும் அணைத்துவிடுவார். தண்ணீருக்கு வாளிக் கணக்கு. விருந்தாளி வந்தால் முகச்சுளிப்பு. துன்பப்பட்டவன் பிறர் துன்பத்தை உணர்வான் என்று நல்லோர் நம்புகிறார்கள். சுவிசேஷமுத்துவோ, தாம் பட்ட துன்பங்கள் அனைத்தையும் அளவு பிசகாமல் வரைபடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“மெயின் சுவிட்ச் எங்க கூடத்துல. பின்னால படுக்கிற அறை எட்டுக்கு ஏழு போதும்.”

“கட்டில் போட்டா கதவு திறக்காது சார்.”

“பாய் போட்டுக்கட்டும். வயசான ஜோடியாப் பார்த்துத்தான் குடிவைக்கப் போறேன். ரெண்டு பேருக்கு அது தாராளம்.”

பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்த மகன் ஜெபசீலன், கன்னத்தில் கைவைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“கரெக்ட் அப்பா. வயசானவங்களுக்குக் காத்து பட்டா இருமல்தான் வரும்” என்றான்.

தந்தையும் மகனும் சேர்ந்து சிரித்தார்கள். காப்பி கொண்டுவந்த ரத்தினபாய், டம்ளரை நீட்டியபடியே மகனைச் சற்று நேரம் பார்த்தாள்.

“என்னங்க, அந்த ஜன்னல் இருந்துட்டுப் போகட்டுமே.”

“வாங்கியிருக்கிறது நாலே ஜன்னல், ரத்தினம். இடிச்ச பங்களாவுல பொறுக்கியெடுத்த அசல் தேக்கு. அஞ்சாவதுக்கு நான் எங்கே போவேன்?”

“அப்ப, எங்க அடுப்படிக்குப் போட்டிருக்கிற ஜன்னலை எடுத்து அங்கே வைங்க ஓவர்சியர்.”

அரிகிருஷ்ணனின் பென்சில் அந்தரத்தில் நின்றது.

“நீ இருட்டுல சமைப்பியா?”

“பதினோரு வருஷப் பழக்கம்தானே? ஸ்டோர் ரூமும் வேண்டாம். அந்த இடத்தைப் பின்னால படுக்கிற அறையோட சேர்த்துடுங்க. ஒரு கட்டில் விழட்டும். அப்புறம் முன்பக்கம் போட்டிருக்கிற கைப்பம்பு... அதைப் பின்பக்கமே போடுங்க. அதோட சத்தம் எனக்குத் தலைவலி.”

“நாளைக்கு மெயின் சுவிட்சையும் கொடுத்துடலாம்னு சொல்வே!”

“கொடுத்தா நல்லதுதான்.”

“அது மட்டும் நடக்காது!” சுவிசேஷமுத்து ஓவர்சியரைப் பார்த்துக் கைவிரித்தார். “முன்னே பின்னே தெரியாத ஒருத்திக்காகத் தன் வீட்டை இருட்டடிச்சுக்கிற வீட்டுக்காரியை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்தை இவ ரொம்ப உன்னிப்பாக் கேக்கறா, சார். அதுதான் கோளாறு.”

அடுப்படி இருண்டாலும் அதில் நிற்கப்போவது தாம் அல்லர். கூடத்திலோ ஓர் அங்குலமும் குறையவில்லை. ஆகவே பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

வீடு எழும்பியது. பின்போர்ஷனுக்கு வயதான தம்பதி ஒன்று குடிவந்தது. வீட்டுக்காரர் என்ற முறையில் சுவிசேஷமுத்து மாதமொருமுறை அதன் வாசல்வரை போவார். குடித்தனக்காரர் வீட்டுக்குள் காலடி வைப்பது அந்தஸ்துக்குக் குறைவென்று உள்ளே நுழைந்ததில்லை.

ஐந்தாண்டுகள் கழிந்தன. அவர் ஓய்வுபெற்றார், ஜெபசீலனுக்கு வங்கியில் வேலை கிடைத்தது, யூனிஸ் மருமகளாக வந்தாள். சம்பளம் யார் கைக்கு மாறியதோ, அந்தக் கைக்கே அதிகாரமும் மாறியது. குடித்தனத் தம்பதி மகள் வீட்டுக்குப் போய்விட, பின்போர்ஷன் காலியாயிற்று.

“அப்பா, ஆபீசர்கள் வந்து போற வீடு இது. நீங்க பனியனோட கூடத்துல உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு? நீங்களும் அம்மாவும் பின்னாலேயே இருந்துக்கலாமே. ரெண்டு பேருக்கு அது தாராளம்.”

“டேய், அது குடித்தனக்காரனுக்குப் போட்ட பிளான்டா!”

“நீங்க போட்டதுதானேப்பா? நல்லாத்தான் இருக்கும். மெயின் சுவிட்சை நான் பார்த்துக்கறேன்.”

மாலையில், தாம் முதலில் போட்ட பிளானையே நினைத்துக்கொண்டு, மூச்சுமுட்டிச் சாகவே போகிறவரைப்போல் சுவிசேஷமுத்து தம் போர்ஷனுக்குள் நுழைந்தார். கட்டில் போட்டிருந்தது, கதவும் தாராளமாகத் திறந்தது. அவர் உட்கார்ந்ததுமே, கிழக்கே அடுப்படி ஜன்னல் வழியாகப் புகுந்த கடற்காற்று மடியிலிருந்த செய்தித்தாளைப் பறிக்கப் பார்த்தது. முற்றத்துப் பம்பில் ரத்தினபாய் கணக்குப் பார்க்காமல் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

முன்வீட்டிலிருந்து யூனிஸின் குரல் கேட்டது. “இந்த அடுப்படியில உப்பு எது, சர்க்கரை எதுன்னே தெரியலைங்க! புகை வேற!”

சுவிசேஷமுத்துவின் கண்கள் கலங்கின.

“ரத்தினம், யாரோ ஒரு குடித்தனக்காரிமேல அன்னிக்கு நீ இரக்கப்பட்டே. அதுக்குக் கர்த்தர் இன்னிக்குப் பலன் கொடுத்துட்டார்.”

ரத்தினபாய் வாளியை ணங்கென்று இறக்கி வைத்தாள்.

“இரக்கமாவது! நீங்க பிளான் போட்டப்ப, உங்க பக்கத்துலேயே உக்காந்து நம்ம பிள்ளை பாடம் கேட்டுக்கிட்டிருந்தான். அங்கே குடித்தனம் வரப்போறது யாருன்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.”