கயல்விழியின் நன்றியுரை

கயல்விழி மைக்கைக் கையில் வாங்கியதும் முன்வரிசையில் செல்போன்கள் உயர்ந்தன.

சிதம்பரத்துக் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் உள்ள நூற்பாலையின் அறக்கட்டளை ஆண்டுதோறும் நடத்தும் கல்வி உதவி விழா. அந்த மில்லின் பணத்தில் படித்து முதன்முதலாக வக்கீலானவள் கயல்விழி. அதனால்தான் நன்றியுரை அவளுக்கு.

மேடையின் நடுவில் மில் முதலாளி லோகநாயகி அம்மாள். கணவர் போன பிறகு தலைவர் நாற்காலி அவருக்கு; மில்லை நடத்துவது இரண்டு மகன்கள். ஆளுக்கொரு பக்கமாக அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி வரிசைகளில் மில் விடுதிப் பெண்கள். பதினைந்து, பதினாறு வயது. கைதட்டுவதற்காக வேனில் அழைத்து வரப்பட்டவர்கள்.

அவர்களுக்கு நடுவே கயல்விழியின் அம்மா சௌந்தரம். இன்னமும் அதே மில்லில் நூல் சுற்றுகிறாள். மகள் பேசுவதைக் கேட்க ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"முதலாளியம்மா இல்லன்னா நான் இந்தக் கறுப்பு கோட்டைப் போட்டிருக்க முடியாது. ரொம்ப நன்றிம்மா."

கைதட்டல் அடங்கும்வரை கயல்விழி காத்திருந்தாள்.

"ஆனா பின்னாடி உக்காந்திருக்க பொண்ணுங்களப் பாருங்க. இவுங்க வயசுல நான் உங்க பணத்துல ஸ்கூலுக்குப் போனேன். இவுங்க உங்க மில்லுக்குப் போறாங்க. பதினெட்டு வயசு ஆவாத பொண்ணை இனிமே வேலைக்கு எடுக்க மாட்டோம்னு இங்கயே சொல்லுங்கம்மா."

மண்டபத்தில் தலைகள் எல்லாம் பின்பக்கம் திரும்பின.

மூத்த மகன் ஸ்ரீதர் எழுந்து மைக்குக்காகக் கையை நீட்டினான். சோறு போட்டவங்களையே குத்தம் சொல்றியா என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். கடைசி வரிசையில் சௌந்தரம் எழுந்து நின்று, இறங்கி வந்துவிடு என்று இரண்டு கைகளாலும் ஜாடை காட்டினாள்.

கயல்விழி ஓரடி பின்னால் நகர்ந்தாள். மைக்கை ஸ்ரீதருக்கு எட்டாமல் இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு. ஏற்கெனவே உள்ள இருக்கவங்களப் படிக்க அனுப்பணும். விடுதியும் சாப்பாடும் அப்படியே இருக்கணும். வீட்டுக்குப் போற சம்பளமும் நிக்கக் கூடாது."

அதுவரை குனிந்திருந்த லோகநாயகி அம்மாள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா என்று கயல்விழிக்குப் புரியவில்லை. ஆனாலும் அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

அம்மாள் எழுந்தார். மகனின் நீட்டிய கையை விலக்கிவிட்டு மைக்கை வாங்கினார்.

"சரி. ரெண்டையும் செய்றோம். வர்ற ஜூன்லேருந்து."

முன்வரிசை செல்போன்கள் ஒன்றும் இறங்கவில்லை. ஸ்ரீதர் அவற்றை ஒரு முறை பார்த்தான். பிறகு சிரித்த முகமாக உட்கார்ந்து, முதல் ஆளாகக் கைதட்டினான்.

கடைசி வரிசைகளில் கைதட்டல் தாமதமாகத்தான் தொடங்கியது. தொடங்கிய பிறகு நிற்கவில்லை.

விழா முடிந்து கீழே இறங்கியவளின் கையைச் சௌந்தரம் இறுக்கிப் பிடித்தாள். "படிக்க வச்ச மகராசிய சபையில நிக்க வச்சி அவமானப்படுத்திட்டியேடி. நாளைக்கி நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வேலைக்கிப் போவேன்?"

கயல்விழியிடம் அதற்குப் பதில் இருந்தது; ஆனால் அதைப் பெற்றவளிடம்கூடச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

சௌந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு விடுதிப் பெண்களோடு வேனில் ஏறப் போனாள். மகன்களை முன்னால் போகவிட்டு, வாசலில் நின்ற கயல்விழியின் பக்கத்தில் வந்து நின்றார் லோகநாயகி அம்மாள். தோளில் இருந்த சால்வையை மெதுவாக மடித்தார்.

"வீட்டுக்குள்ள நான் கேட்டப்பல்லாம் முடியாதுன்னானுங்க. இப்ப ஊரு முன்னாடி வாயத் தொறக்க முடியல" என்றார், தாழ்ந்த குரலில். "ஆனா நான் உன்னைக் கேக்கச் சொன்னது மொத ஒண்ணைத்தானே?"

"ஆமாம்மா."

"ரெண்டாவது எனக்குத் தோணவே இல்ல பாரு."

மடித்த சால்வையை அவள் கையில் கொடுத்துவிட்டு, மகன்கள் காத்திருந்த காரை நோக்கி நடந்தார்.